இல்லாத விரலின் சத்தம்

பேயைப் பார்த்தேன், பிசாசைப் பார்த்தேன் என்று வருகிறவர்களைக் கண்டால் எனக்கு அன்றும் இளக்காரம், இன்றும் இளக்காரம்தான். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம் எங்களுடையது, அங்கேயே பின்வரிசையில் உட்கார்ந்து ஆவிக்கதை பேசுகிற பெண்களை நான் மதித்ததில்லை. நீங்களும் இதைக் கேட்டு உதட்டைப் பிதுக்கத்தான் போகிறீர்கள். பிதுக்குங்கள், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன்.

எண்பதுகளின் நடுவில் புனே கேம்ப் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் எனக்கு ஸ்கேன் எடுக்கிற வேலை. படம் காட்டும் அல்ட்ராசவுண்ட் மிஷினுக்கு வயிற்றுப் பிள்ளை தெரியும், கால் விரலில் நூல் மாதிரி ஓடுகிற ரத்தக்குழாய் தெரியாது. அதற்கு டாப்ளர் பேனா. ஜெல் தடவிப் பேனாவைத் தோலில் வைத்தால் ரத்த ஓட்டம் உஷ் உஷ் என்று காதுக்குழலில் கேட்கும், கேட்கிற இடம் வரை நான் ஊதா மையால் கோடு போடுவேன், அதைப் பார்த்து அழுகின காலை டாக்டர் வெட்டுவார். தானே ஒருமுறை வைத்துப் பார்க்க அந்தப் பெரிய மனுஷருக்கு நேரம் கிடையாது. பேனாவைத் தொட்டும் தொடாமலும் பிடிக்க வேண்டும். அழுத்தினால் மெல்லிய குழாய் அமுங்கி ஓட்டம் நின்றுவிடும்.

ஏரவாடாவிலிருந்து முனுசாமி என்று ஒருவர் வந்தார், வேலூர்ப் பக்கம், தொழிற்சாலை வேலை. இடது கால் விரல் கறுத்துப் போயிருந்தது, எல்லாம் பீடியின் கைங்கரியம். விரலோடு போகுமா, முழங்காலுக்குக் கீழே மொத்தமும் போகுமா என்பதுதான் கேள்வி. கணுக்காலில் மந்திரித்த கறுப்புக் கயிறு, சட்டைப் பையில் அப்போதும் பீடிக்கட்டு. பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆளுக்கு என்ன பூப்போல வைப்பது என்று பாதத்தில் இரண்டு மூன்று இடத்தில் பேனாவை நறுக்கென்று ஊன்றினேன், சத்தமே இல்லை.

"இன்னொருக்கா வெச்சுப் பாருங்கம்மா. உள்ள ஓடுது, எனக்குத் தெரியுது."

"அப்ப நீங்களே டாக்டராயிடுங்களேன் அண்ணே," என்றேன்.

டாக்டர் வாசலில் நின்றபடியே, சத்தம் இருக்கிறதா என்று மராத்தியில் கேட்டார், "ஆவாஜ் ஆஹே கா?"

"நாஹி," என்றேன். முழங்காலுக்குக் கீழே கோடு போட்டேன். மறுநாள் அங்கேயே வெட்டினார்கள்.

பத்து நாள் கழித்து, பட்டப்பகல் பதினொரு மணிக்கு, வெட்டிய இடத்தில் ஓட்டம் பார்க்கப் போனேன். பார்த்து முடித்ததும் முனுசாமி வெறும் பெட்ஷீட்டைக் காட்டி, "விரல்லயும் வையுங்கம்மா" என்றார். இல்லாத கால் வலிக்கிறது என்று எல்லோரும்தான் சொல்வார்கள், அது நரம்பு செய்கிற வேலை, எனக்குத் தெரியாததா? அவர் வாயை மூட வைக்க, வேண்டாவெறுப்பாகப் பேனாவைக் காற்றில் பிடித்தேன்.

நம்பினால் நம்புங்கள், கேட்டது. காற்றில் அந்தப் பேனாவுக்கு எதுவுமே கேட்காது. பக்கத்துக் கட்டிலுக்கு மேலே பிடித்தேன், இல்லை. திரும்பக் கொண்டுவந்தேன், இருந்தது. இன்னொரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன், நாடியும் சத்தமும் ஒன்றாகவே அடித்தன. எனக்கு வேர்த்துவிட்டது, பேய்க்குப் பயந்து இல்லை, நான் பேனாவை ஊன்றியது ஞாபகம் வந்துதான்.

"கேக்குதாம்மா?" காதுக்குழல் என் காதில் இருந்தது, அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது.

"இல்ல அண்ணே."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். "பரவால்லம்மா. இன்னைக்கு நோகாம வெச்சீங்க. அன்னைக்குத்தான் ரொம்ப அழுத்திட்டீங்க."

நான் காற்றில்தான் பிடித்திருந்தேன், அவர்மேல் எதுவும் படவே இல்லை. அழுத்தியதை டாக்டரிடமும் சொல்லவில்லை, அந்த மனிதரிடமும் ஒத்துக்கொள்ளவில்லை, இத்தனை வருஷத்தில் சாமியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லலாம். நீங்கள்தான் நம்பப்போவதில்லையே.