கடைசி வரிசை

கோட்டை மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நின்று, "கனம் தலைவர் அவர்களே" என்று தொடங்குகிறார் என் அத்தான். மேசையில் காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது. கோர்ட்டில் வழக்கு இருக்கிறதோ இல்லையோ, இடது கையால் கோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை பேசிப் பார்க்காமல் அவர் வாசலைத் தாண்டியதில்லை.

அந்தக் குரல்தான் அவரை நகரசபைக்குக் கொண்டுபோனது, தலைவராக்கியது, ஒரு தவணை மாகாண சபையிலும் உட்கார வைத்தது. ஆரம்பிக்கத் தெரியும்; முடிக்கத் தெரியாது. முடித்துவைக்கும் வேலை என் அக்காவுடையது. எந்தக் கூட்டமானாலும் கடைசி வரிசையில் ஓர நாற்காலியில் இருப்பாள். போதும் என்று பட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைப்பாள். எந்த வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் அத்தான் உட்கார்ந்துவிடுவார். சொல்லாமல் விட்டதை ஜனங்கள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பேசிக்கொண்டு போவார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் அதை அவருடைய சாமர்த்தியம் என்றே நம்பினார்கள்.

மாகாண சபையைப் பற்றிக் கேட்டால் இப்போதும் சலித்துக்கொள்வார்.

"அங்க பார்வையாளர் மாடம் முதுகுக்குப் பின்னாடி, மச்சான். உங்க அக்கா முகத்தையே பாக்க முடியல. அப்புறம் எங்க உருப்படுறது?"

அடுத்த தேர்தலில் தோற்று வந்த அன்று அக்கா அவருக்குத் தட்டு வைத்தபடி, "நல்லதாப் போச்சு. இன்னும் கொஞ்ச நாள் திரும்பித் திரும்பிப் பாத்திருந்தா கழுத்து சுளுக்கியிருக்கும்" என்றாள். அவர் சிரித்த சிரிப்பில் புரையேறியது.

போன மழைக்காலத்தில் அக்கா போய்விட்டாள். அதற்குப் பிறகு, ஒரு கல்யாணத்தில் வாழ்த்த எழுந்தவர் நிலச் சட்டம் வரை போய்விட்டார். மாப்பிள்ளையே கொட்டாவி விட்டான். அன்றிலிருந்து யாரும் அவரைப் பேசக் கூப்பிடுவதில்லை.

கோர்ட்டுக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. டைப் அடிப்பவர்களும் மனு எழுதுபவர்களும் வெயிலில் கிடந்த காலத்தில், நகரசபை உறுப்பினராக அத்தான் வாதாடிப் போட்டுக்கொடுத்த முதல் கூரை அது. அதை இடித்துவிட்டு கார் நிறுத்துமிடம் கட்ட இப்போதைய சபை தீர்மானம் கொண்டுவந்தது. எதிர்த்துப் பேச ஒரே ஒருவருக்கு அனுமதி. மணி அடிப்பதற்குள் முடிக்காவிட்டால் ஆட்சேபணை கணக்கில் வராது.

கொட்டகையின் மூத்த டைப்பிஸ்ட் அம்மாள் நேரே வீட்டுக்கு வந்தாள். "ஐயா, உங்களை விட்டா எங்களுக்கு யாரு இருக்கா? ஆனா ஒண்ணு. நீங்க நல்லாத்தான் பேசுவீங்க. நிறுத்தத்தான் மாட்டீங்க."

அத்தான் இரண்டு முறை தொண்டையைச் செருமி, வாசலைப் பார்த்து, கூரையைப் பார்த்து, பிறகுதான் சொன்னார்: "சுருக்கமாத்தான் பேசப்போறேன்."

"இதைச் சொல்லவே இவ்வளவு நேரம் யோசிக்கிறீங்களே ஐயா."

சபை நாளன்று நானும் அந்த அம்மாளும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். ஓர நாற்காலியில் ஏனோ இருவருமே உட்காரவில்லை.

அத்தான் நன்றாகவே தொடங்கினார். தகரத்தின் மேல் மழை விழும்போது டைப் மெஷின் சத்தமும் அதோடு சேர்ந்துகொள்வதைச் சொன்னார். வழக்குக்காக வந்த கட்சிக்காரன் ஒருவன் அங்கே ஒதுங்கி நின்று, தன் மனுவைப் பிறர் வாயால் கேட்டு அழுததைச் சொன்னார். சபை அசையாமல் கேட்டது. அதோடு விட்டிருக்கலாம். "இந்த நகரசபை உருவான வரலாற்றை எடுத்துக்கொண்டால்..." என்று கோட்டின் ஓரத்தைப் பிடித்தார்.

"போச்சு" என்றாள் அம்மாள், என் காதருகே.

சபைத் தலைவரின் கை மணியை நோக்கி நகர்ந்தது. வழக்கம்போல அத்தானின் பார்வை கூட்டத்தைத் தாண்டிக் கடைசி வரிசைக்கு வந்தது. ஓர நாற்காலியில் நின்றது.

வரலாறு பாதியில் நின்றது. அவர் மெல்லத் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மடித்து மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.