வெத்தலையா, பீடியா, தண்ணியா?

பல்லை வெளுக்க வைக்கிற ஜெல்லை விற்கப் போகிறவனிடம் ஊர் விலையைக் கேட்காது, கம்பெனி பெயரைக் கேட்காது. "எங்கே, மொதல்ல உன் வாயைத் திற பாக்கலாம்" என்றுதான் கேட்கும்.

நான் திறக்க மாட்டேன். பென்னாகரம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணியைக் குடித்து வளர்ந்தவன் நான். என் முன்பற்கள் மேலே சுண்ணாம்பாகவும் கீழே கருகின ஆப்பத்தின் ஓரமாகவும் இருக்கும். இதைப் படிக்கிறவர்களில் கல்யாண போட்டோவில் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றவர்கள் யாராவது இருந்தால், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் தாராளமாகப் பல்லைக் காட்டிக்கொண்டே படிக்கலாம்.

வேலை கிடைத்தது

எண்பத்திரண்டாம் வருஷம். பெங்களூரில் ஒரு சின்ன கம்பெனி. தினம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வீட்டிலேயே பல்லில் தேய்த்து, பத்து நிமிஷம் விட்டுக் கொப்பளிக்க வேண்டிய ஜெல். தர்மபுரி ஜில்லாவுக்கு ஆள் தேவை என்றார்கள். போனேன். மேனேஜர் என் வாயைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். போச்சுடா என்று எழுந்துவிட்டேன். "ஒக்காருப்பா" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். அவருக்கு அந்த ஜெல் மேல் அவ்வளவு நம்பிக்கை. ஒரு டியூப்பைக் கையில் திணித்துவிட்டுச் சொன்னார்: "மூணே வாரம் போடு. அப்புறம் உன் வாய்தான்பா நம்ம கம்பெனிக்கு போர்டு!"

பாதி வாய்

எங்கள் தொழிலில் பாதி வாய் என்று ஒரு முறை உண்டு. நம்பாத ஆசாமிக்கு வலது பக்கப் பல்லுக்கு மட்டும் ஏழு நாள் போடச் சொல்ல வேண்டும். எட்டாம் நாள் கண்ணாடியை நீட்டினால் இடது பக்கத்துக்கு அவரே டியூப் கேட்பார்.

பாலக்கோடு தக்காளி மண்டியில் மாதப்பன் என்று ஒரு தரகர். விடிந்ததிலிருந்து வெத்தலை, புகையிலை. பல் என்று ஒன்று இருப்பதே பேசும்போதுதான் தெரியும். "போய்யா, உன் பல்லையே காணோம், எனக்கு வந்துட்ட" என்று துரத்தினார். நான் விடவில்லை. நாலு சந்தை தொடர்ந்து போய் நின்று, ஐந்தாவது சந்தையில் டியூப்பைத் தலையில் கட்டிவிட்டேன். மறு வாரம் போனால் மண்டியே அவரைச் சுற்றி நின்று சிரிக்கிறது. வலது பக்கம் பளிச்சென்று இருக்கிறது, இடது பக்கம் அப்படியே செம்மண் சுவர். ஏலம் கூவ வாயைத் திறந்தாலே கூட்டம் கூடிவிடுகிறதாம். என்னைக் கண்டதும் சட்டையைப் பிடித்தார். "யோவ், இந்தப் பக்கம் பாத்தா மாப்பிள்ளைங்கறான், அந்தப் பக்கம் பாத்தா மாமனாருங்கறான். மிச்சத்தையும் முடிச்சு வுட்டுட்டுப் போய்யா!"

காதர் பாய் கடையில்

மாதப்பன் புண்ணியத்தில் ஜெல் நன்றாக ஓடியது. தர்மபுரியில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்த காதர் பாய், டியூப்பைக் கண்ணாடிப் பெட்டியில் முன்வரிசையில் வைத்தார். நானும் ராத்திரி தவறாமல் என் வலது பக்கத்துக்குப் போட்டேன். மூணு வாரம், ஆறு வாரம், பத்து வாரம். வலதும் இடதும் ரெட்டைப் பிள்ளைகள் மாதிரி அப்படியே இருந்தன. ஈறு எரிந்ததுதான் மிச்சம். நாம்தான் சரியாகத் தேய்க்கவில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

ஒரு நாள் பாய் கடையில் நான் இருக்கும்போதே மொரப்பூர் பக்கத்து அம்மா ஒருத்தர், காலி டியூப்போடு வந்தார். பின்னாலேயே மூணு பிள்ளைகள். "ஈன்னு காட்டுங்கடா" என்றார். மூணு வாயும் என் வாய். பாய் என்னைப் பார்த்தார். நான் உதட்டை மூடிக்கொண்டு, "பிரஷ்ஷை இன்னும் அழுத்திப் புடிச்சு..." என்று ஆரம்பித்தேன். அந்த அம்மா என்னை முடிக்கவே விடவில்லை. "ஏனுங்க, எருமையைத் தேய்ச்சு வுட்டா சுத்தமாவும். வெள்ளையாவுமா?"

ஆஸ்பத்திரி வரிசை

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாளே டியூப்பை எடுத்துக்கொண்டு பல் டாக்டரம்மா முன்னால் போய் நின்றேன். டாக்டரம்மா டியூப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பல்லு மேல வந்து ஒட்டினது போவும். வெத்தலைக் கறை, டீக் கறை, பீடிக் கறை போவும். உங்க கறை மேல ஒட்டினது இல்லீங்க. பல்லு ஈறுக்குள்ள உருவாகும்போதே, நீங்க குடிச்ச தண்ணியில இருந்த ஃப்ளோரைடுங்கற உப்பு உள்ளே போய்க் கலந்தது. இதுக்கு ஜெல் போட்டுப் பிரயோஜனம் இல்லை" என்றார்.

இடி விழுந்தது எனக்காக இல்லை. வீட்டில் நாலு மாதக் குழந்தை சாந்தி இருந்தாள். என் மனைவி லட்சுமி மேட்டூர் பக்கம் காவேரித் தண்ணி குடித்து வளர்ந்தவள். அவள் சிரித்தால் முல்லை மொட்டுத்தான். அம்மா பல்தான் பிள்ளைக்கு வரும் என்று நான் நிம்மதியாக இருந்தேன். "கொழந்தைக்கு போர் தண்ணியை அரைப்பங்கா சுண்டக் காய்ச்சித்தானுங்க கொடுக்கறோம்" என்றேன், பெருமையாகத்தான். எங்கள் பக்கத்தில் தண்ணியில் எது கோளாறு என்றாலும் சுண்டக் காய்ச்சுவதுதான் வைத்தியம். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஐயோ, சுண்டினா தண்ணிதாங்க கொறையும், அந்த உப்பு கொறையாது. இன்னும் கெட்டியாத்தான் கொடுத்துட்டு இருக்கீங்க!"

பஸ்ஸில் காவேரி

வீட்டுக்குப் போய் லட்சுமியிடம் எல்லாவற்றையும், ஆத்துத் தண்ணியோ மழைத் தண்ணியோ கொடுங்கள் என்று டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன். அவள் அழுதாள், சட்டியைத் தூக்கி எறிந்தாள், அப்புறம் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, "சரி, எங்க ஊர் ஆத்துத் தண்ணிதானே வேணும்? கொண்டாங்க" என்றாள், ஏதோ பக்கத்துத் தெருவில் ஓடுகிற மாதிரி.

வாரம் ஒரு நாள் ஒகேனக்கல் எனக்கு விற்பனை லைன். வறுத்த மீன் கடைக்காரர்களுக்கும் பரிசல்காரர்களுக்கும் பீடிக் கறை நிறைய. அன்றைக்கே ஒரு கேன் வாங்கினேன். குளிக்கிற கூட்டத்தைத் தாண்டி மேலே போய்த் தண்ணி பிடித்து, பஸ்ஸில் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒரு கொதி விட்டு ஆற வைத்தால் சாந்திக்கு ஒரு வாரம் வரும். மழை நாளில் வேட்டியை நாலு குச்சியில் கட்டிப் பிடித்தோம். தெருவே சிரித்தது. பல்லு மருந்து விற்கிறவனுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்றார்கள். முற்றட்டும். கேன் மட்டும் ஒரு வாரம்கூட நிற்கவில்லை, ஜுரத்தோடும் போயிருக்கிறேன். ஒரு தடவை கேன் கவிழ்ந்து, பஸ் முழுக்கத் தண்ணி. அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி எதிர் பஸ் பிடித்தேன். சாயங்காலம் திரும்ப அதே பஸ்ஸில் ஏறினபோது கண்டக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "உங்க ஒருத்தருக்காக அந்த ஆத்தையே தர்மபுரிக்குத் திருப்பி வுடலாம் சார், அது சுலபம்!"

மூணு கேள்வி

அதற்கப்புறம் நான் விற்கிற விதமே மாறிப்போனது. வாயைத் திறக்கச் சொல்லி முதலில் ஒன்றுதான் கேட்பேன்: வெத்தலையா, பீடியா, தண்ணியா? முதல் இரண்டுக்கும் டியூப் கொடுப்பேன். தண்ணி என்றால் டியூப்பைப் பைக்குள் போட்டுவிட்டு, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று விசாரித்து, இருந்தால் அரை மணி நேரம் பேசுவேன். விற்பனை பாதியானது. மேனேஜர் பெங்களூரிலிருந்து வந்து, நான் பேசுவதை ஓரமாக நின்று கேட்டார். முகம் சிவந்துவிட்டது. ஆனாலும், டியூப் வாங்கினவர்களில் ஒருத்தர்கூட இப்போது திருப்பிக் கொண்டுவருவதில்லை என்று காதர் பாய் எடுத்துச் சொன்னதால் வேலை தப்பியது. போகும்போது மேனேஜர் கேட்டார்: "நீ ஜெல் விக்க வந்தியா, குடும்பக் கட்டுப்பாடு மாதிரி வூடு வூடாப் பிரசாரம் பண்ண வந்தியா?"

ஸ்கூல் பாட்டில்

சாந்திக்குப் பால் பல் வெள்ளையாகத்தான் வந்தது. நான் குதித்தேன். "பால் பல்லு பல பேருக்கு வெள்ளைதான், விழுந்து முளைக்கறப்பப் பாக்கலாம்" என்று பக்கத்து வீட்டில் தண்ணி ஊற்றி அணைத்தார்கள். பார்க்கலாம் என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டு வருஷங்களை எண்ணினேன்.

ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்ததும் பாட்டிலில் தண்ணி கொடுத்து அனுப்பினோம். தினமும் காலி பாட்டில் வீடு வரும்; எங்களுக்கு நிம்மதி. ஒரு நாள் மத்தியானம் அந்தப் பக்கம் போனவன் எட்டிப் பார்த்தேன். பாட்டில் ஆறு பிள்ளைகள் கையில் சுற்றுகிறது. என் மகள் அடிபம்பில் வாயை வைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறாள்! எத்தனை மாதமாக இந்தக் கூத்தோ! நாலு வருஷப் பாடு மொத்தமும் போச்சே என்று உள்ளே ஓடினேன். கையை ஓங்கிவிட்டேன். அவள் பயப்படவில்லை, ஆச்சரியமாக என்னைப் பார்த்தாள். "அவங்களுக்கும் பல்லு முளைக்கணும் இல்லப்பா?"

ஓங்கின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தப் பிள்ளைகள் தலையில் வைத்தேன். அடுத்த வாரத்திலிருந்து இரண்டு கேன்.

முன்பல்

ஏழாவது வயதில் மேல் முன்பல் இரண்டும் விழுந்தன. அந்த ஓட்டையைத் தினமும் காலையில் டார்ச் அடித்துப் பார்ப்பதே எனக்கு வேலை. கோயிலுக்குப் போனாலும் அதே வேண்டுதல், பஸ்ஸில் உட்கார்ந்தாலும் அதே கவலை. பம்பில் குடித்த தண்ணி எந்தப் பல்லில் போய் உட்கார்ந்திருக்கிறதோ!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈறைக் கிழித்துக்கொண்டு விளிம்பு தெரிந்தது. லட்சுமியைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் மூச்சு விடாமல் பார்த்தோம். வெள்ளை. விரலால் துடைத்துப் பார்த்தேன், முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. லட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் என்னை மறந்து, வாய் முழுக்கத் திறந்து, வீடே அதிரச் சிரித்தேன். சாந்தி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இப்படிச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. மெதுவாக விரலை நீட்டி என் முன்பல்லைத் தொட்டாள். "ஏம்பா, நீ சின்னப் புள்ளையா இருந்தப்ப உனக்கு யாருமே தண்ணி கொண்டாந்து தரலையா?"

எட்டு வருஷம் ஊர் ஊராகப் பல்லை வெளுக்க வைத்துச் சோறு தின்ற நான், இது என்னால் வந்த வெள்ளை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லக்கூடிய ஒரே வாய்க்கு, நான் விற்ற ஜெல்லில் ஒரு துளிகூடப் போட்டதில்லை.