உப்பு பங்களாவுக்கு ரோஸ் பெயிண்ட்

வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் எங்கே கண்ணில் பட்டாலும் வண்டியை நிறுத்திவிடுவேன். புதுவாயலிலிருந்து காட்டுப்பள்ளி போகிற வழியில் அப்படி ஒன்று இருக்கிறது. உப்பு இலாகா துரை தங்குவதற்காகக் கட்டிய பங்களா. தேக்கு உத்தரம், கட்டிப்பிடித்தால் கை எட்டாத தூண்கள். அதன் தாழ்வாரத்தில் ஓர் அக்கா நாஷ்டா கடை வைத்திருந்தார். துறைமுகத்துக்குப் போகிற ஆட்களுக்கு அங்கேதான் இட்லி. எனக்கும்தான்.

ரோட்டை அகலமாக்க பங்களாவை இடிக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அக்கா ஆடிப்போய்விட்டார்.

“இத்த உட்டா நான் எங்க போவேன்? பழைய கட்டடம்னு சுத்திக்கினு கீறியே, எதுனா பண்ணு நைனா.”

பழைய கட்டடம், இடிக்க வேண்டாம் என்று திருவள்ளூர் கலெக்டர் ஆபீசில் நான் மனுக் கொடுத்தேன். நேரில் பார்க்க ஓர் அம்மா அதிகாரி வருவதாகச் சொன்னார்கள். ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டை எப்படி ஆக்குவோமோ, அப்படி ஆக்கிவிட்டார்கள். கோயில் திருவிழாவில் மீந்த பெயிண்ட்: சுவருக்குப் பச்சை, தூணுக்கு ரோஸ்.

ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி அப்படியே நின்றார்.

“என்னங்க இது, கல்யாண மண்டபமா?”

“அழுக்கா கீதுன்னு இடிச்சிட்டீங்கன்னா? அதாம்மா,” என்றார் பெயிண்ட் அடித்தவர்களில் ஒருவர்.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சாவியால் லேசாகச் சுரண்டினார். உள்ளே பழைய சுண்ணாம்புப் பூச்சு வழவழவென்று இருந்தது. உத்தரங்களையும் அண்ணாந்து பார்த்துவிட்டு, “இதை இடிக்கக் கூடாதுன்னு எழுதறேன்,” என்றார். எல்லோரும் கைதட்டினோம். அப்போதுதான் அவர் கண் அடுப்பின்மேல் விழுந்தது.

“பெயிண்ட்டைச் சுரண்டி எடுத்துக்கலாம். ஆனா இங்க அடுப்பு எரியக் கூடாதும்மா. மேல எல்லாம் மரம்.”

கைதட்டல் நின்றது. அக்கா என் பக்கம் திரும்பினார்.

“நல்லா காப்பாத்துன நைனா. என் கடைய உட்டுட்டு மத்த எல்லாத்தையும் காப்பாத்திட்ட.”

பக்கத்தில் இருந்தவர், “ஊட்ல அவிச்சி எடுத்தாந்து இங்க வித்துக்கோக்கா,” என்றார். “ஆறிப்போன இட்லிய நீ துன்னுவியா?” என்று அவருக்கும் கிடைத்தது.

பங்களா தப்பித்தது. ஊர்க்காரர்களே ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் கம்பு நட்டு, தார்ப்பாய் கட்டி, அக்காவின் அடுப்பை இறக்கிக் கொடுத்தார்கள். இப்போது ஆட்கள் அங்கே தட்டை வாங்கிக்கொண்டு, லாரிக்கு ஒதுங்கி ரோட்டைத் தாண்டி, பங்களாத் தாழ்வாரத்துக் குளிர்ச்சியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். எதிரிலிருந்து அக்காவின் குரல் மட்டும் வரும்:

“தட்ட அங்கியே போட்டுட்டுப் போவாதீங்கடா! தொரையா வந்து கழுவுவான்?”