சுட்டுவிரலடியில் ஒரு புள்ளி

அண்ணனின் இடது சுட்டுவிரலுக்கு அடியில் இருந்த அந்தப் புள்ளியிலிருந்துதான் தொடங்க வேண்டும். பேனா முனை பட்டதுபோல அவ்வளவு சிறியது. ரத்தம் வரவில்லை. "எறும்பு கடிச்ச மாதிரி இருக்குடா" என்று சொல்லிவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். அண்ணன் இறந்து சில தீபாவளிகள் போய்விட்டன. அவர் முகத்தை நினைத்தால்கூட எனக்கு முதலில் வந்து நிற்பது அந்தப் புள்ளிதான்.

பழனிசெட்டிபட்டியில் நாங்கள் இருவரும் டீசல் பம்பும் இன்ஜெக்டரும் பழுதுபார்க்கும் பட்டறை நடத்தினோம். வருகிற வண்டிகளில் பாதி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் பழைய ஜீப்புகள். அண்ணியும் அப்படி ஒரு ஜீப்பில்தான் விடிகாலையில் மலையேறி, காய் பறித்துவிட்டுச் சாயங்காலம் இறங்குவார். வண்டி கரும்புகை விட்டால், கொண்டை ஊசி வளைவுகளில் அது பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் மீதே திரும்பும். அண்ணி வீட்டுக்கு வந்து முகம் கழுவினால் தண்ணீர் கறுத்து ஓடும். அதனால் அண்ணனுக்குப் புகை என்பது வெறும் தொழில் சங்கதியாக இருந்ததே இல்லை. அண்ணி வெள்ளனவே கிளம்பிவிடுவதால், பள்ளிக்கூடம் போகும் மகளுக்குத் தலைபின்னி விடுவதும் அவர் வேலைதான். டீசல் வாடை போகச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, இரட்டைச் சடையை அத்தனை இறுக்கமாகப் பின்னுவார்.

புகையின் மூலம் பெரும்பாலும், என்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரின் நுனியில், நாசிலில்தான் இருக்கும். ரொம்பப் பழைய என்ஜின்களில் பிஸ்டனுக்கு மேலே தனியாக ஒரு சிறு அறை உண்டு. அதற்குள் காற்று சுழன்று பாதி வேலையைப் பார்த்துவிடும். அதனால் நாசிலுக்கு ஒரே துளை போதும். டீசல் கொஞ்சம் மொத்தமாக விழுந்தாலும் காற்று அதைக் கலைத்து எரித்துவிடும். அடுத்து வந்த என்ஜின்களில் அந்த அறை கிடையாது. டீசல் நேரே பிஸ்டன் தலையின் குழிக்குள் பாய வேண்டும். நாசிலில் மயிரிழை போல நான்கைந்து துளைகள் இருக்கும். அவைதான் டீசலைப் பனிபோலப் பொடியாக்க வேண்டும். ஒரு துளை அடைத்தாலோ, உள்ளே துளையை அடைக்கும் ஊசி தேய்ந்து மூடாமல் போனாலோ டீசல் சொட்டும். சொட்டு முழுதாக எரியாது, கரியாகிவிடும். ஆளோடு மேட்டில் ஏறும் வண்டிக்கு இழுவை போய்விடும். துளை எவ்வளவு சிறியதோ அவ்வளவு அழுத்தம் வேண்டும். எரிவதற்கு அது நல்லது. மனிதத் தோலுக்கு அது என்ன செய்யும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது.

அன்று வந்தது அண்ணி போகிற ஜீப்தான். "மேட்டுல மூச்சு முட்டுதுண்ணே, பொம்பளைங்க எல்லாம் இருமிக்கிட்டே வாராக" என்றார் டிரைவர். அண்ணன் இன்ஜெக்டர்களைக் கழற்றி ஒவ்வொன்றாக டெஸ்டரில் மாட்டினார். டெஸ்டர் என்பது கையால் அழுத்தும் ஒரு பம்பு. நெம்புகோலை அழுத்தினால் நாசில் கறகறவென்று சத்தமிட்டு டீசலைப் பீச்சும். மூன்று நன்றாக இருந்தன. நான்காவதில் ஒரு துளை மட்டும் ஒழுங்காகப் பீச்சவில்லை. வலது கையால் நெம்புகோலை அழுத்திக்கொண்டே, இடது கையில் இருந்த துணியால் நுனியைத் துடைக்கப் போனார். பீச்சிய டீசல் துணியைத் தாண்டி விரலில் பாய்ந்தது. அவ்வளவுதான் நடந்தது.

மத்தியானம் விரல் மரத்துப்போனது. சாயங்காலம் உள்ளங்கை வீங்கியது. பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டு மாத்திரை கொடுத்தார்கள். அந்தப் புள்ளியைப் பார்த்தால் யாருக்கும் அதற்கு மேல் தோன்றாது. விடிந்தபோது கை முழங்கை வரை பளபளவென்று வீங்கி, விரல் நீலமாகியிருந்தது. அண்ணி அன்று ஜீப்புக்குப் போகவில்லை. "ஏங்க, எழுந்திரிங்க, மதுரைக்குப் போவோம்" என்று அவரை எழுப்பி உட்கார வைத்தார்.

மதுரையில் டாக்டர் கையைத் திறந்து பார்த்துவிட்டு வெளியே வந்தார். "டீசல் தோலுக்கு அடியிலேயே மணிக்கட்டு வரைக்கும் பரவியிருக்கு. குத்துன உடனே வந்திருந்தா கழுவி விட்டிருக்கலாம்" என்றார். சுட்டுவிரலையும் நடுவிரலையும் எடுத்தார்கள். மீதி விரல்கள் இருந்தன, ஆனால் மடங்கவில்லை.

வீட்டுக்கு வந்த முதல் திங்கட்கிழமை, மகள் வழக்கம்போலச் சீப்பை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். பழக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள், பாவம். அண்ணன் வலது கையால் முடியைப் பிரித்தார். இடது கையால் பிடிக்க முடியவில்லை. திரும்பத் திரும்ப முயன்றார். அன்று சாயங்காலமே அவள் தன் தோழியோடு போய்த் தோள் வரை முடியை வெட்டிக்கொண்டு வந்தாள். "வெயிலுக்கு நல்லா இருக்குப்பா" என்றாள். அண்ணன் அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அந்த ஜீப்பை நான்தான் முடித்துக் கொடுத்தேன். அது புகையில்லாமல் ஏறியது. அண்ணி அதில் மட்டும் ஏற மறுத்துவிட்டார். "வண்டி சுத்தமா ஏறுது. அதப் பாக்கப் பாக்க எனக்கு வயிறு எரியுது" என்றார்.

அண்ணன் பட்டறைக்கு வருவார். போன் எடுப்பார், வருகிறவர்களிடம் பேசுவார். டெஸ்டர் இருக்கும் பக்கம் போக மாட்டார். ஒருநாள் உத்தமபாளையத்தில் பட்டறை வைத்திருந்த பாய் ஒருவர், ஏதோ வாஷர் கேட்டுப் போன் செய்தார். பேச்சுவாக்கில், "காலைல நாசில் செக் பண்றப்ப விரல்ல சுருக்குன்னுச்சு" என்று சிரித்தார். அண்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

"பாய், வலிக்குதா?"

"அதெல்லாம் இல்லண்ணே, சின்னப் புள்ளிதான்."

"வலிக்காது. நாளைக்குக் கை இருக்காது. கடையை அங்கனயே போட்டுட்டு இப்பவே கார் ஏறுங்க. ஆபரேஷன் இருக்கும், எதுவும் சாப்பிடாதீக. நான் தேனியில நிக்கிறேன்."

பாய்க்குப் பாதி நம்பிக்கைதான். மகன் காரை ஓட்ட, தேனிக்கு வந்தார். நாங்களும் ஏறிக்கொண்டோம். வழி நெடுக அண்ணன் அவர் கையைத் தன் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். மதுரை ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண் புள்ளியைப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னாள். அண்ணன் தன் இடது கையை மேசைமேல் வைத்தார். அதற்குப் பிறகு யாரும் காக்க வைக்கவில்லை. கையைத் திறந்து டீசலைக் கழுவி எடுத்தார்கள். பாயின் விரல்கள் ஐந்தும் தப்பின.

மறுநாள் காலை நானும் அண்ணனும் பஸ்ஸில் திரும்பினோம். கிளம்பும்போது, இரவே வந்து சேர்ந்திருந்த பாயின் மனைவி அண்ணனின் கையைப் பிடித்து அழுதிருந்தார். அண்ணன் முகம் மலர்ந்துதான் இருந்தது. நான்கூட, வெகுநாளைக்குப் பிறகு மனிதர் சிரிக்கிறாரே என்று நினைத்தேன். ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் ஏறும்போதுதான் கவனித்தேன், ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தவரின் தோள் குலுங்கியது.

"என்னண்ணே?" என்றேன்.

கணவாய் தாண்டிய பிறகு, ஒரு குழந்தை கேட்பதுபோலக் கேட்டார்:

"ஒரு போன்ல சொல்ற விஷயம்தானடா. எனக்கு ஏன்டா யாருமே சொல்லல?"