ஹெட்ஃபோனில் கோளாறு இல்லை

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த அன்று என் மகள் எனக்கு ஒரு வேலை கொடுத்தாள்.

"நைனா, ரிசப்ஷனுக்கு வெளி ஆளு வேணாம். டிஜே நீதான்."

"நானா? எனக்கு மைக்குதானே தெரியும்."

"கத்துக்கோ. ரெண்டு மாசம் கீது. பாட்டு போட்டுக்கினு இருந்தா அழாம இருப்ப."

ஆந்திர எல்லையில், நகரிப் பக்கத்துக் கல்யாணங்களில் முப்பது வருஷமாக மைக் பிடிக்கிறவன் நான். வயிற்றுக்குப் பவர்லூம், வாய்க்கு மைக். "இரண்டாவது தரம் பாயசம் கேட்பவர்களை வீடியோக்காரர் தனியாக எடுத்துக்கொண்டிருக்கிறார்" என்று அறிவித்து, மாப்பிள்ளையின் பெரியப்பாவையே இலையிலிருந்து எழுப்பிய ஆள். வாயால் இவ்வளவு செய்தவன் கையால் பாட்டு மாற்ற மாட்டேனா என்று நினைத்தேன். நினைத்தது காலை பத்து மணிக்கு. பதினொன்றரைக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

டிஜே பெட்டி வந்த கதை எளிது. மகள் சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். அவளோடு வேலை செய்த ஒருவர் பெங்களூருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. இரண்டு பக்கமும் ஆப்பச்சட்டி அளவுக்கு இரண்டு சக்கரம், நடுவில் மேலும் கீழும் தள்ளுகிற குமிழ்கள், கணக்கில்லாத பொத்தான்கள். நான் முதல் காரியமாக அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தேன். ஆயுத பூஜைக்குத் தறிக்கு வைக்கிற மாதிரி, நாலு மூலையிலும்.

"பொட்டு வெச்சா பாடிடுமா?" என்றாள் என் மனைவி, தெருவுக்கே கேட்கும்படி.

அவள் பேச்சு அப்படித்தான். இரண்டு காதும் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் ஷெட்டில் பன்னிரண்டு தறி. எல்லாம் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் ஷெட்டில் யாரும் வாயால் பேசுவதில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வோம், மிச்சத்தைக் கை சொல்லும். இரண்டு விரலைக் கத்திரி போலக் காட்டினால் நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். முஷ்டியைத் தூக்கினால் நிறுத்து. உள்ளங்கையைச் சுழற்றினால் ஓட்டு. அவள் பத்தொன்பது வயதில் தார்க்குச்சியில் ஊடை நூல் சுற்ற உள்ளே வந்தவள். அந்தப் பாஷையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

சாஃப்ட்வேர் விவகாரத்துக்கு வருகிறேன். மகளின் பழைய லேப்டாப்பில் அதை இறக்கும்போது ஒவ்வொரு பக்கத்திலும் சம்மதமா சம்மதமா என்று கேட்டது. என் கல்யாணத்தில்கூட யாரும் என்னை இத்தனை தரம் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் சம்மதித்தேன். பெட்டியில் விளக்குகள் ஜாத்திரைக் கடை மாதிரி மின்னின. பாட்டு மட்டும் லேப்டாப்பின் வயிற்றுக்குள்ளிருந்து கொசு போல வந்தது. பெரிய ஸ்பீக்கர் ஊமை.

இரண்டு நாள் இப்படிப் போனது. பெட்டியைத் திட்டினேன், கும்பிட்டேன், அணைத்து வைத்துவிட்டு அதற்குத் தெரியாமல் திடீரென்று போட்டேன். கடைசியில் போனை வலது காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு மகளைக் கூப்பிட்டேன்.

"சத்தம் எங்க போகணும்னு நீதான் அதுக்குச் சொல்லணும் நைனா. செட்டிங்ஸ்ல ஆடியோன்னு கீது பாரு. அதுல லேப்டாப் பேர எடுத்துட்டு பொட்டி பேர வெய்யி."

வைத்தேன். ஸ்பீக்கர் அதிர்ந்ததில் அலமாரி மேலிருந்த பித்தளைச் சொம்பு நடந்து வந்து கீழே விழுந்தது. நான் ஆடினேன். என் மனைவி தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

அடுத்த பாடம் பாட்டோடு பாட்டைச் சேர்ப்பது. தெலுங்கு வீடியோ ஒன்றில் ஒரு பிள்ளை அழகாகச் சொல்லிக்கொடுத்தான். "ஒக்க செவிலோ ஹெட்ஃபோன், இங்கோ செவி பைட்ட." ஒரு காது ஹெட்ஃபோனில், இன்னொரு காது வெளியே. வெளிக் காது மண்டபத்தில் ஓடுகிற பாட்டைக் கேட்கும். உள்காது அடுத்து வரப்போகிற பாட்டைக் கேட்கும். இரண்டின் தாளமும் ஒன்றாகிற நேரம் பார்த்துக் குமிழைத் தள்ள வேண்டும். அவ்வளவுதான் தொழில்.

அவனைப் போலவே இடது காதில் ஹெட்ஃபோனை வைத்து, வலது காதைத் திறந்து விட்டேன். ஹெட்ஃபோனில் ஒன்றும் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் ஆடிய ஆட்டம் என் எதிரிக்கும் வேண்டாம். சாஃப்ட்வேரை அழித்து மறுபடி ஏற்றினேன், நாலு தரம். ஒயரை மாற்றினேன். திரையில் அந்தப் பாட்டின் கோடு கிணற்றுத் தண்ணீர் போலத் துள்ளுகிறது, ஹெட்ஃபோன் பொத்தானில் விளக்கு எரிகிறது, காதில் மட்டும் அமைதி. குங்குமம் உள்ளே இறங்கிவிட்டது என்று பயந்துபோய் ஓட்டை ஓட்டையாகப் பல் துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். வலது காதில் வைத்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். ஹெட்ஃபோனின் வலது கிண்ணத்தை வலது காதில் வைத்தால் கேட்டது. ஆகவே இடது கிண்ணம் செத்துவிட்டது என்று தீர்ப்பு எழுதினேன். துணியில் பழுது வந்தால் நாங்கள் தறியைத்தான் கழற்றுவோம். பார்க்கிற கண்ணைச் சந்தேகப்படுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை.

ஹெட்ஃபோன் வாங்கியது திருப்பதியில். புத்தூர் வழியாக பஸ் ஏறிப் போனேன். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் வேறொன்று கொடுத்தார். வீட்டுக்கு வந்தால் அதற்கும் இடது பக்கம் கேட்கவில்லை. மறுபடி பஸ். மூன்றாவது ஹெட்ஃபோனும் அப்படியே. கல்யாணத்துக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. கடை நடுவில் நின்று, ஊரில் இருக்கிற செத்த ஹெட்ஃபோனையெல்லாம் எனக்காகவே எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று தெலுங்கிலும் தமிழிலும் கத்தினேன். நாலு பேர் கூடிவிட்டார்கள். கூட்டம் சேர்ந்தால் எனக்கு இன்னும் நன்றாக வரும்.

கடைக்காரர் அந்த ஹெட்ஃபோனைத் தன் தலையில் மாட்டிக் கேட்டார். கழற்றினார். என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அண்ணா, ஒகசாரி திப்பி பெட்டுகோண்டி."

திருப்பி மாட்டச் சொன்னார். அவரே இடது கிண்ணம் என் வலது காதில் வருகிற மாதிரி மாட்டிவிட்டார். செத்துப்போன கிண்ணம் பாடியது. தெளிவாக, ஜால்ரா முதற்கொண்டு. உயிரோடிருந்த வலது கிண்ணம் இப்போது என் இடது காதில் இருந்தது. அதில் ஒன்றுமில்லை.

கழற்றி மாட்டினேன். திருப்பினேன். இன்னொரு தரம் திருப்பினேன்.

"அப்போ இந்தக் காத மாத்திக் குடு தம்பி," என்றேன். "வாரண்டி கீதா?"

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

அதே தெருவில் ஒரு காது டாக்டர் இருந்தார். கண்ணாடி போட்ட சின்ன அறையில் உட்கார வைத்துக் கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். பரீட்சை என்றதும் பழைய புத்தி வந்துவிட்டது. குத்துமதிப்பாக அழுத்திக்கொண்டே இருந்தேன்.

டாக்டர் கதவைத் திறந்தார். "சத்தமே குடுக்கல. எதுக்கு அழுத்திக்கினே இருக்கீங்க?"

"பாஸ் ஆவலாம்னுதான் சார்."

அவர் காகிதத்தில் ஒரு கோட்டைக் காட்டினார். மலைப்படி இறங்குகிற மாதிரி இறங்கிக் கீழேயே படுத்துவிட்டது. இடது காது அநேகமாக முடிந்தது, வலது காதும் இறங்க ஆரம்பித்திருக்கிறது என்றார். எவ்வளவு வருஷம் தறியில் என்று கேட்டார். சொன்னேன். போனது திரும்பாது, மிச்சத்தையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள், தறிக்குப் போனால் காதை அடைத்துக்கொண்டு போங்கள், பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள் என்றார். பிறகு, என்ன விஷயமாகத் திருப்பதி வந்தீர்கள் என்று கேட்டார்.

"டிஜே கத்துக்கறேன் சார்."

அவருக்கும் சிரிப்பு வரவில்லை. ஒரே நாளில் இரண்டு பேர். தொழில் போய்விட்டதோ என்றுகூட நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். கொல்லையில் வைத்துச் சொன்னேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "நைனாவுக்கு ஒரு ஸ்பீக்கர் அவுட்டு," என்றேன்.

அவள் அதிர்ச்சி அடையவில்லை. என் வலது பக்கமாக வந்து உட்கார்ந்தாள்.

"தெரியும் நைனா."

"இன்னா தெரியும்?"

"அந்தப் பக்கம் கேக்காதுன்னு. மூணு வருசமாத் தெரியும். அதான் நானும் அம்மாவும் எப்பவும் இந்தப் பக்கமா வருவோம்."

யோசித்துப் பார்த்தேன். பைக்கில் பின்னால் உட்கார்ந்து பேசும்போது அவள் தலை வலது தோளுக்கு மேல்தான் வரும். சாப்பிட உட்கார்ந்தால் என் இடது பக்கம் சுவர். வீட்டில் என் இடம் எப்போது மாறியது என்று எனக்கு நினைவே இல்லை.

"தெரிஞ்சிக்கினே என்ன ஏன் டிஜே போடச் சொன்ன?"

அவள் ஈரமண்ணில் காலால் கோடு போட்டாள். "ரிசப்ஷன்ல எல்லாரும் உன்கிட்ட வந்து பேசுவாங்க. உனக்கு பாதி கேக்காது. நீ இன்னாமோ பதில் சொல்லிட்டு சிரிப்ப. குப்பம் மாப்பிள்ள வீட்டுக்காரங்க உன்ன பார்த்து சிரிக்கக்கூடாதுன்னு... பொட்டி பின்னாடி நின்னா யாரும் பேச வரமாட்டாங்க இல்ல? அதுக்கு ரெண்டு காது வேணும்னு எனக்குத் தெரியாது நைனா."

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமே."

"அம்மாதான் வேணாம்னாங்க. தெரிஞ்சா நைனா வாய மூடிக்கும், அப்புறம் வீடு வீடா இருக்காதுன்னாங்க."

நான் அவள் அம்மாவைப் பார்த்தேன். கல்லில் துணி கசக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் உதடுகளைத் தூரத்திலிருந்தே படித்துவிட்டாள் என்று அவள் குனிந்த விதத்தில் தெரிந்தது.

இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதியதில் அர்த்தமில்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் நான் ஒரு வேடிக்கை செய்வேன். சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து அவளிடம் "காபி போடு" என்பேன். அவள் எழுந்து போவாள். வந்தவர்களுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. "பாத்தீங்களா, எங்க வீட்ல கரண்ட் இல்லாமயே ஸ்பீக்கர் ஓடும்" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவள் அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கணம் தாமதமாக, தானும் சிரிப்பாள். பத்து வருஷம் இதைச் செய்திருக்கிறேன். அதில் கடைசி மூன்று வருஷம், என் காது போனது தெரிந்துகொண்டே அவள் எழுந்து போய்க் காபி போட்டிருக்கிறாள்.

டிஜே வேண்டாம், வெளி ஆளைக் கூப்பிடலாம் என்று மகள் அழுதாள். நான் ஒரு சாயங்காலம்தானே என்றேன். இருக்கிற ஒரு காதையும் இழந்துவிடுவாய் என்றாள். என் மனைவி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து எங்கள் நடுவில் நின்றாள்.

"போடட்டும். ஆசைப்பட்டுதில்ல. நான் கூட நிக்கறேன்."

"நீ நின்னு இன்னா பண்ணுவமே?" என்றேன்.

"நீ போடு. நான் பாத்துக்கறேன்."

ரிசப்ஷன் அன்று நான் பெட்டி முன்னால் போய் நின்றதும் என் மனைவி ஷெட்டிலிருந்து கொண்டுவந்த கழிவுப் பஞ்சை உருட்டி என் வலது காதில் இறுக்கி அடைத்தாள். உலகம் போய்விட்டது. நெஞ்செலும்பில் மட்டும் அதிர்வு இருந்தது. ஹெட்ஃபோனைக் கழுத்தில் சும்மா மாட்டிக்கொண்டேன், பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று. திரையில் மேலே ஒரு கோடும் கீழே ஒரு கோடும் ஓடின. இரண்டின் மேடுகளும் நேராக வரும்போது குமிழைத் தள்ளினேன். கண்ணால் நெய்கிற வேலைதான், எனக்கு வராததல்ல.

அவள் முன்வரிசை நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். அவளுக்கும் ஒன்றும் கேட்காது. ஆடுகிறவர்களின் கால்களைப் பார்த்தாள். கால்கள் துள்ளினால் உள்ளங்கையைச் சுழற்றினாள், ஓட்டு. கிழவர்கள் முகம் சுளித்தால் கையைத் தாழ்த்தினாள், குறைத்தேன். நடுவில் ஒருதரம் நான் குஷியாகத் தலையை ஆட்டிக்கொண்டிருக்க, அவள் இரண்டு விரலைக் கத்திரியாகக் காட்டினாள். நூல் அறுந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் மண்டபம் முழுக்க அப்படியே நின்றுகொண்டு என்னைப் பார்க்கிறது. அடுத்த பாட்டின் குமிழை நான் ஏற்றவே இல்லை. எவ்வளவு நேரமாக அமைதிக்கு ஆடிக்கொண்டிருந்தேனோ தெரியாது. ஏற்றினேன். எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள், என் வழக்கமான குறும்பு என்று. மேடையில் மகள் மட்டும் மாலையின் பூவைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். நானும் சிரித்தேன். ஒரு கணம் தாமதமாக.

மறுநாள் முகூர்த்தம் முடிந்து, மதியம் மாப்பிள்ளை ஊரான குப்பத்துக்குப் போகிற கார் வந்து நின்றது. என் வலது பக்கம் சம்பந்தியம்மாள் நின்று ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தார். மகள் இடது பக்கமாக வந்தாள். என் தோளில் முகத்தைச் சாய்த்து, காதோடு ஏதோ சொன்னாள். பக்கம் மறந்துவிட்டது அவளுக்கு. அவள் மூச்சு என் காது மடலில் சூடாகப் பட்டுக்கொண்டே இருந்தது. நிறுத்திவிட்டு மறுபடி சொன்னாள். என்னவென்று கேட்டால் மறந்தது அவளுக்கு ஞாபகம் வந்துவிடும், காரில் அழுதுகொண்டே போவாள். தலையை ஆட்டினேன். சிரித்தேன். "சரிம்மா, சரிம்மா," என்றேன்.

கார் திரும்பிய பிறகு எதிரில் நின்ற என் மனைவியிடம் போனேன். அவள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்திருந்தேன். சத்தமில்லாமல் உதட்டை அசைத்தேன், இந்தத் தடவை வேடிக்கைக்காக அல்ல.

இன்னா சொல்லிச்சி?

"போயிட்டு வரேன்னு சொல்லிச்சி," என்றாள்.

அது அவ்வளவு சின்னப் பேச்சாக இருக்க முடியாது. மறுபடி கேட்கலாம் என்று அவளை நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். என் உதடு தெரியாதபடி.