பத்தொன்பது ஆண்டுகள் பிந்திய திருத்தம்

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என் மனைவியின் வாழ்க்கைக் குறிப்பை எழுதித் தரும்படி யோகலிங்கம் கேட்டிருந்தார். ஒஸ்லோவில் எங்கள் ஆட்களின் நினைவு மலர்களில் பாதிக்கு மேல் அவர்தான் அச்சுக்குத் தயாராக்குகிறார். மாதிரிக்கு ஒன்றும் அனுப்பியிருந்தார். பிறந்த ஊர், படித்த பாடசாலை, நாட்டைவிட்டு வந்த ஆண்டு, பிறகு "நோர்வேயின் சமாதானப் பணிகளில் அளப்பரிய சேவையாற்றினார்" என்று ஒரு வரி. திகதிகளை மட்டும் நிரப்பினால் போதும் என்றார்.

அந்த வரியை நான் வெட்டிவிட்டேன். நடந்ததை எழுதுகிறேன்.

மங்களேஸ்வரி, எனக்கு மங்களம், 1963இல் கரவெட்டியில் பிறந்தார். 1987இல் நோர்வேக்கு வந்து, முதல் மூன்று வருடம் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் நின்றபடியே மீன் வெட்டினார். நோர்வேஜிய மொழியை அவருக்குக் கற்றுத் தந்தவர்கள் பக்கத்தில் நின்று மீன் வெட்டிய பெண்கள். அதனால் கடைசிவரை அவருடைய பேச்சில் வடபகுதி இழுவை இருந்தது. ஒஸ்லோவுக்கு வந்தபின் அலுவலகங்களில் அதைக் கேட்டுச் சிலர் சிரித்ததுண்டு. தமிழ் முகத்தில் இருந்து அந்த இழுவை வருவதை அவர்கள் எதிர்பார்ப்பதில்லை. அவர் மாற்றிக்கொள்ளவில்லை. குளிரில் நின்று படித்த மொழி, கதிரையில் இருப்பவனுக்காக ஏன் மாத்தவேணும் என்று கேட்பார்.

நாங்கள் ஒஸ்லோவில் ஹொல்ம்லியாப் பக்கம் வீடு எடுத்தபின் அவர் பரீட்சைகள் எழுதி மொழிபெயர்ப்பாளர் ஆனார். புத்தகம் மொழிபெயர்ப்பவர் அல்ல. இங்கே நாங்கள் 'தொல்க்' என்று சொல்கிற, இருவர் பேசும்போது நடுவில் இருந்து உடனுக்குடன் மாற்றிச் சொல்கிற ஆள். மருத்துவமனை, நீதிமன்றம், பாடசாலைக் கூட்டம், அகதி விசாரணை என்று எங்கும் போவார். வீட்டுக்கு வந்தால் ஒரு சொல்லும் வெளியே வராது. அன்றைய குறிப்புத் தாள்களைக் கிழித்துவிட்டுத்தான் வருவார். முப்பது வருடம் என் பக்கத்தில் படுத்தவர் யாருக்காகப் பேசினார், என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது.

தெரிந்தது அவருடைய தொழில் விதிகள் மட்டும். ஒவ்வொரு சந்திப்பின் தொடக்கத்திலும் மொழிபெயர்ப்பாளர் இரண்டு மொழியிலும் சில வாக்கியங்கள் சொல்லவேண்டும். கேட்டதை வெளியே சொல்லமாட்டேன். யார் பக்கமும் சாயமாட்டேன். இங்கே பேசப்படும் எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பேன். பேசுகிறவர் "நான்" என்றால் மொழிபெயர்ப்பாளரும் "நான்" என்பார். தனக்காக ஏதாவது சொல்லவேண்டி வந்தால் மட்டும் "மொழிபெயர்ப்பாளர்" என்று தன்னையே மூன்றாம் ஆளாகச் சொல்வார். இன்னொரு விதியும் உண்டு. தான் பிழை விட்டது தெரிந்தால், கேட்டவர்களிடமே அதைத் திருத்தவேண்டும்.

ஊரில் போர்நிறுத்தம் இருந்த காலத்தில் அவருக்கு இந்த நாட்டின் பெரிய அறைகளிலும் வேலை வந்தது. சின்ன நாடு ஒன்று எங்கள் நாட்டில் சண்டைபிடித்த இரண்டு பகுதியையும் ஒரு மேசையில் இருத்தப் பார்க்கிறது என்று ஒஸ்லோத் தமிழர்கள் எல்லோரும் நிமிர்ந்து நடந்த வருடங்கள் அவை. வேலைத்தளத்தில் வெள்ளைக்காரர் என் முதுகில் தட்டி, உங்கள் நாட்டுக்கு எங்கள் ஆட்கள் சமாதானம் கொண்டு போகிறார்கள் என்பார்கள். நானும் பெருமைப்பட்டேன். மங்களம் மட்டும் எதுவும் சொல்லமாட்டார்.

2003 மாரிகாலத்தில் அவர் ஒரு பழக்கத்தை விட்டார். எங்கள் வீடுகளில் வெளியே போகிறவர் "போறன்" என்று சொல்வதில்லை. கடைக்குப் பால் வாங்கப் போனாலும் "போட்டு வாறன்"தான். போகிறேன் என்பது திரும்பாதவர் சொல்கிற சொல். விருந்தாளியிடமும் அப்படித்தான், போங்கோ என்று வாய் வராது, வாங்கோ என்றுதான் வழியனுப்புவோம். ஒரு காலை அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, "நான் போறன்" என்றார். வாய் தவறியது என்று நினைத்தேன். அடுத்த நாளும் அதே. நான் கோபப்பட்டுக் கேட்டேன்.

"நீர் ஏன் இப்பிடி அபசகுனமாச் சொல்லுறீர்?"

"போறது போறதுதானே. அதைப் போறன் எண்டு சொன்னால் என்ன?"

அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் இந்த வீட்டுக் கதவில் அவர் "போறன்" என்றுதான் சொன்னார். எங்கள் மகள் தர்மினி ஸ்தவாங்கருக்கு வேலைக்குப் போன அன்று, ரயில் நிலையத்தில் கூட, பிள்ளையிடம் "போங்கோ" என்றார். உறவினர் முகம் சுளித்தார்கள். காரணம் எனக்கும் தெரியாமல் இருந்தது.

2022இல் தெரியவந்தது.

ஒரு நிறுவனம் ஒஸ்லோவில் ஒருநாள் கூட்டம் வைத்தது. சிறிய நாடுகள் சமாதானப் பேச்சுகளில் என்ன செய்யலாம் என்பது பேச்சு. எங்கள் போர்நிறுத்தம் முடிந்துபோன ஓர் உதாரணமாக நிகழ்ச்சி நிரலில் இருந்தது. மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து இந்திராதேவி என்ற அம்மாவை அழைத்திருந்தார்கள். சண்டை மறுபடி தொடங்கியபோது அவருடைய மகன் காணாமல் போனவர். அவருக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். மொழிபெயர்க்க மங்களேஸ்வரி.

கூட்டத்துக்கு முதல் நாள் யோகலிங்கம் தொலைபேசி எடுத்தார். அவரும் ஏற்பாட்டுக்காரருக்கு உதவியாக இருந்தார். ஒலிபெருக்கியில் பேசியதால் நானும் கேட்டேன்.

"அக்கா, அந்த மனிசி கொஞ்சம் காரமாக் கதைக்குமாம். நீங்கள் பதமாச் சொல்லிவிடுங்கோ. எங்களுக்கு இருக்க இடம் தந்த நாடு."

"தம்பி, நான் சோறு வடிக்கப் போகேல்லை, பதம் பாக்க" என்றார் மங்களம்.

அது எல்லோருக்கும் திறந்த கூட்டம் என்பதால் நானும் போய்ப் பின்வரிசையில் இருந்தேன். என் மனைவி வேலை செய்வதை முதல்தடவை பார்க்கப் போகிறேன் என்ற கூச்சம் இருந்தது.

முதலில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் பேசினார். அவருடைய பெயரை எழுதவில்லை; கெட்ட மனிதர் அல்லர். எங்கள் பேச்சுகளில் பங்கெடுத்தவர். சின்ன நாட்டைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை, அதனால்தான் சண்டைபிடிப்பவர்கள் நோர்வேயின் மேசையில் வந்து இருக்கிறார்கள் என்றார். தோல்வியையும் ஒப்புக்கொண்டார். ஆனால் முயற்சி வீணாகவில்லை என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது என்று இதைச் சொன்னார். 2003இல் கிழக்கிலிருந்தும் வன்னியிலிருந்தும் ஐந்து பெண்கள் ஒஸ்லோவுக்கு வந்தார்கள். உங்களுக்கு எங்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். ஒருவர், நீங்கள் எங்களிடம் வந்ததற்கு நன்றி, தொடர்ந்து வந்துகொண்டே இருங்கள் என்றார். அந்த நன்றியைத்தான் ஒவ்வொரு நாட்டுக்கும் பேச்சுக்குப் போகும்போது நான் கொண்டுபோகிறேன் என்றார் அவர்.

மங்களேஸ்வரி மேடையில் இந்திராதேவி அம்மாவின் தோளுக்குப் பின்னால் இருந்து, இதையெல்லாம் அவருடைய காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் அவருடைய வாய் நின்றது. அந்த ஐந்து பெண்களில் இந்திராதேவியும் ஒருவர் என்றோ, அன்று நடுவில் இருந்த தொல்க் யார் என்றோ எனக்கு அப்போது தெரியாது. அந்த ஒரு வாக்கியத்தை அவர் விழுங்கியிருந்தால் மண்டபத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. நின்ற வாய் மறுபடி அசைந்தது. முழுவதையும் சொன்னார்.

இந்திராதேவி திரும்பி அவருடைய முகத்தைப் பார்த்தார். ஒலிவாங்கி திறந்தே இருந்தது.

"நான் அப்பிடிச் சொல்லல்ல, தங்கச்சி. நான் சொன்னது உங்களுக்குத் தெரியும். நீங்கதானே இருந்தீங்க."

மங்களேஸ்வரி அதையும் அப்படியே நோர்வேஜிய மொழியில் சொன்னார். "நீங்கள்தானே இருந்தீர்கள்" என்பதுவரை. பிறகு எழுந்து நின்றார். தொல்க் எழுந்து நிற்பதில்லை.

"மொழிபெயர்ப்பாளர் ஒரு பிழையைத் திருத்தவேண்டும்" என்றார், வடக்கு இழுவையில். "பிழை 2003இல் விடப்பட்டது."

கூட்டத்தை நடத்திய மேரின் என்ற பெண் குனிந்து, நேரம் போதாது, கோப்பி இடைவேளையில் பார்க்கலாமா என்று பணிவாகக் கேட்டாள்.

"இல்லை. அந்த நன்றி ஒலிவாங்கியில் சொல்லப்பட்டது. திருத்தமும் இதிலேதான் சொல்லப்படும்."

அவர் சொன்னார். அந்த அறையில் இந்தப் பெண் நன்றி சொல்லவில்லை. அவர் சொன்னது இது: நீங்கள் ஒருநாள் போவீர்கள். போகும்போது எங்களை எண்ணிவிட்டுப் போங்கள். பிறகு யார் குறைகிறார்கள் என்று கேட்க ஆளிருக்காது. மொழிபெயர்ப்பாளர் வளர்ந்த வீட்டில், வந்திருப்பவரிடம் நீங்கள் போவீர்கள் என்று சொல்வது மரியாதை இல்லை. போகிறவரிடமும் வாருங்கள் என்றுதான் சொல்வார்கள். மொழிபெயர்ப்பாளருடைய வாய் அந்தப் பழக்கத்தில் ஓடிவிட்டது. போவீர்கள் என்பதை வாருங்கள் என்று மாற்றியது. எண்ணுங்கள் என்பதை விட்டுவிட்டு நன்றியைத் தானாகச் சேர்த்தது. இவ்வளவும் மொழிபெயர்ப்பாளருடைய பிழை. அன்றே தெரிந்தும் மொழிபெயர்ப்பாளர் திருத்தவில்லை. திருத்தம் முடிந்தது.

அதையே தமிழிலும் இந்திராதேவிக்குச் சொல்லிவிட்டு இருந்தார்.

பத்தொன்பது வருடப் "போறன்" அத்தனையும் ஒரே நேரத்தில் என் காதில் கேட்டது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். அந்த நன்றியை இத்தனை வருடம் வைத்திருந்தேனே என்று மெல்லச் சொன்னார். அது மொழிபெயர்க்கப்பட்டது.

"இனி இத வச்சிருங்க" என்றார் இந்திராதேவி.

பிறகு அவருடைய பத்து நிமிடம் வந்தது. அவர் பேசவில்லை. கைப்பையிலிருந்து ஒரு கொப்பித் தாளை எடுத்தார். நீங்கள் எண்ணவில்லை, நான் எண்ணி வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, தன் ஊரில் குறைந்தவர்களின் பெயர்களை வாசித்தார். முப்பத்தாறு பெயர்கள். பெயருக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. மங்களேஸ்வரி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார், ஊரையும் வயதையும் சேர்த்து. பத்து நிமிடம் முடிந்தது என்ற அட்டையை மேரின் உயர்த்தினாள். இருபத்திரண்டாவது பெயர் போய்க்கொண்டிருந்தது. இருவரும் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் அட்டையை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு ரயிலில் வரும்போது அவராகச் சொன்னார்.

"மேசை போட்டது பிழையில்லை. ஆனால் அதை மடிச்சுக் கொண்டு போறவை, அதிலை இருந்தவை எங்கை நிக்கினம் எண்டு திரும்பிப் பாக்கவேணும். சின்ன நாடு எண்டால் அது மறந்துபோகுமோ?"

அடுத்த வாரம் வேலை கொடுக்கும் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. தன் இடத்தைவிட்டு எழுந்தார், மூடிய அறையில் பேசியதை வெளியே சொன்னார் என்று யாரோ முறையிட்டிருந்தார்கள். வருத்தம் தெரிவித்தால் எச்சரிக்கையோடு முடியும். இல்லாவிட்டால் அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் பெயர் இருக்காது. யோகலிங்கம் வந்து, அக்கா இரண்டு வரிதானே, எழுதிக் குடுத்துவிடுங்கோ என்று மன்றாடினார். அவர் மூன்று வரி எழுதினார். சொன்னவரே எல்லோர் முன்னிலும் தான் அப்படிச் சொல்லவில்லை என்றார். விதிப்படி திருத்தினேன். பத்தொன்பது வருடம் பிந்தியதற்கு வருந்துகிறேன், திருத்தியதற்கு அல்ல.

பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். நாற்பது வயதில் வந்திருந்தால் அது வேறு கதை. ஐம்பத்தொன்பது வயதில் அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். வேறு இடங்களில் பெயரைப் பதிந்தார். கிடைத்த வேலைக்குத் திராமன்வரை ரயிலில் போய் வந்தார். கூட்டத்தின் அறிக்கை வெளிவந்தபோது அதில் "எதிர்பாராத இடையூறு" என்று ஒரு வரிதான் இருந்தது. மாதத்துக்கு ஒரு கடிதமாக ஏழு மாதம் எழுதினார். கடைசியில் இணையப் பதிப்பில் திருத்தம் சேர்த்தார்கள். இந்திராதேவியின் வாக்கியம் இரண்டு மொழியிலும், கீழே முப்பத்தாறு பெயர்களும்.

அது வெளிவந்த மறுநாள் காலை, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, "போட்டு வாறன்" என்றார். நான் அடுப்படியில் நின்றேன். வெளியே வந்து பார்ப்பதற்குள் கதவு சாத்திவிட்டது.

இரண்டு வருடம் அப்படிச் சொன்னார். போன மாதம் மருத்துவமனையிலும் அதைத்தான் சொன்னார். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

இதுவரை எழுதியதை வாசித்த யோகலிங்கம் நேரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அண்ணை, நினைவு மலரிலை ஆராவது செத்தவையின்ரை பிழையை எழுதுவினமோ? சனம் என்ன சொல்லும்?"

"சொல்லட்டும்."

"அந்த ஒரு பந்தியையாவது எடுப்பம். சேவையாற்றினார் எண்டு போட்டால் ஆருக்கு என்ன குறை?"

சொல்லாத நன்றியை ஒருமுறை சேர்த்ததற்குத்தான் அவர் பத்தொன்பது வருடம் கொடுத்தார். அவருடைய பெயருக்குக் கீழே நான் இன்னொன்றைச் சேர்க்கமாட்டேன் என்றேன். எடுப்பதாக இருந்தால் நான் வேறு அச்சகத்தில் கொடுப்பேன் என்றும் சொன்னேன். அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். படத்துக்குக் கீழே என்ன போடுவது என்று கேட்டார்.

நான் எழுதிக் கொடுத்தது இது:

மங்களேஸ்வரி. மொழிபெயர்ப்பாளர். ஒருமுறை பிழை விட்டார். அதை எல்லோர் முன்னிலும் திருத்தினார்.