ஒரு வரியில் முடிந்த பேச்சு

என் மனைவிக்கு மத்திய அந்தமானில், ரங்கத் என்ற ஊரில், ஒரு சிறிய கிளினிக்கில் நர்ஸ் வேலை. நான் போர்ட் பிளேயரில் வீட்டிலிருந்தே நிரல் எழுதுபவன். என் வேலைக்கு அங்கே நெட் போதாது. அவளுக்கு இங்கே வேலை கிடைக்கவில்லை. நடுவில் பாராடாங் தீவில் கடலைத் தாண்டும் ஃபெர்ரி, நாளில் பாதியை விழுங்கும் பஸ் பயணம். மாதம் ஒருமுறை பார்த்துக்கொண்டால் பெரிது.

கிளினிக்கில் நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் பதிய ஒரு படிவம் கேட்டார்கள். அவள் என்னைக் கைகாட்டிவிட்டாள். முதலில் ஒவ்வொரு கட்டத்தையும் நானேதான் வரைந்தேன். சாயங்காலம் டூட்டி முடிந்ததும் அழைப்பாள். போன் நம்பர் இல்லாதவரைப் படிவம் ஏற்க மாட்டேன் என்கிறது என்று ஆரம்பிப்பாள். அந்த ஆள் யார், படகில் வந்தவரா, அவரிடம் என்ன பேசினாள் என்று அது நீளும். இடையில் சோறு வடிக்கும் சத்தம் கேட்கும். நான் கட்டத்தைத் திருத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரே திருத்தத்தை நாலு இடத்தில் செய்வது சலித்துப்போய், எல்லாவற்றையும் ஃபங்ஷனல் புரோகிராமிங் மொழி ஒன்றில் மாற்றி எழுதினேன். அதில் படிவத்தை வரையவே வேண்டாம். நோயாளியைப் பற்றி என்னென்ன தகவல், ஒவ்வொன்றும் என்ன வகை என்று சொல்லிவிட்டால் போதும். எண் என்றால் எண்ணை மட்டும் ஏற்கும் கட்டம் வரும். இல்லாமலும் போகலாம் என்றால் காலியாக விடக்கூடிய கட்டம். பஸ் அல்லது படகு என்றால் இரண்டு பொத்தான்கள். படகைத் தொட்டால் எந்தப் படகுத்துறை என்று கேட்க இன்னொரு கட்டம். எல்லாம் திரையில் தானாக முளைத்தன. முதல் தடவை அது ஓடியபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அவளிடம்தான் முதலில் சொன்னேன்.

அதன்பிறகு அவள் எதைக் கேட்டாலும் ஒரு வரி சேர்ப்பேன். போனை வைப்பதற்குள் கட்டம் வந்துவிடும்.

"வந்துருச்சுங்க. ஏக்தம் டீக்," என்பாள், கச்சிதம் என்பதைக் கிளினிக் ஹிந்தியில். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

நாள் முழுக்க நின்று களைத்தவளைக் காரணமில்லாமல் பிடித்துவைக்க எனக்கு மனம் வராது. வாரங்கள் போகப்போக அந்த அழைப்புகளும் குறைந்தன. ஒரு சாயங்காலம் படிவத்தைத் திறந்துவைத்து, எங்காவது ஒரு பிழை கிடைக்காதா என்று தேடினேன். கிடைக்கவில்லை. நானே அழைத்து, ஏதாவது மாற்ற வேண்டுமா என்று கேட்டேன்.

"இல்லீங்க, நல்லா ஓடுது," என்றாள். அப்புறம், "முன்ன மாதிரி ஏதாச்சும் கோளாறு வந்தா தேவலைன்னு இருக்கு. நாளெல்லாம் ஹிந்தியிலயே பேசி வாய் வலிக்குது," என்றாள்.

மறுநாள் விடியுமுன் பஸ் ஏறினேன். கிளினிக்கில் கூட்டம். ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து, அவள் ஒரு மீனவரிடம் விசாரித்து விசாரித்துப் பதிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து என்னைக் கண்டதும் அவள் கை அப்படியே நின்றது. அடுத்தவரின் பெயரை இரண்டு தடவை கேட்டாள்.

இரண்டு நாள் இருந்தேன். படிவத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை. திரும்பும்போது பஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். பஸ் நகர்ந்து, இரண்டடி கூடவே நடந்த பிறகுதான் கையை எடுத்தாள்.